ஊத்தயிரையும் ஒரு ஃபார்மலின் பாட்டிலும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: செத்தது எதுவானாலும் ஃபார்மலினில் போடு. தவளை, தேள், ஓணான், பிரின்சிபால் மேஜைமேல் விழுந்து செத்த பல்லி என்று எல்லாமே என் கையால் அந்த நாற்றத்துக்குள் போயிருக்கின்றன. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். விலங்கியல் துறையில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். பேராசிரியருக்கும் வாளிக்கும் நடுவே உள்ள பதவி, வாளிக்குக் கொஞ்சம் பக்கம்.

அந்த விதியை ஒரு நாள் தவறான இடத்தில் கடைப்பிடித்தேன். லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் அலமாரியில் இருக்கும் ஒரு பாட்டிலைக் காட்டி, அதன் லேபிள் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவமானப்படுவதைவிட ஒரேயடியாக எழுதி வைத்துவிடுவது மேல்.

1. இரண்டு பை

பாலாற்றில் மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடும். அங்கங்கே தோண்டிவிட்ட ஊற்றுக்கால்களில் கோடையிலும் முழங்கால் அளவு தெளிந்த நீர் நிற்கும். அதில் அயிரை இருக்கும். விரல் நீளம், வாயோரம் மீசை. காலடி அரவம் கேட்டால் மணலுக்குள் புகுந்துகொள்ளும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் துறைத் தலைவர் ராகவன் சாருக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட் கிடைத்தது. பாலாற்று மீன்களைச் சேகரித்து, திசுவை வெளியூர் லேபுக்கு அனுப்பி, ஜீனைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மீன்கள் ஜீனில் வேறு வேறாக இருக்கக்கூடும், எது எதிலிருந்து பிரிந்து வந்தது என்று அதை வைத்துச் சொல்லலாம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குப் புதிய செய்தி. ராகவன் சார் அதைக் கேட்டுப் பரவசமடைந்தார். நான் பயணப்படி உண்டா என்று கேட்டேன்.

வாலாஜாபாத்தில் மீன் பிடித்து விற்கிற கன்னியம்மாவைப் பிடித்தேன். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. ஊற்றுக்காலின் குறுகலான இடத்தில் மூங்கில் பறியை வைப்பாள். பறி என்பது உள்ளே போன மீன் வெளியே வர முடியாத கூடை. காலையில் அதைத் தூக்கிக் கவிழ்த்து, துள்ளுகிற அயிரைகளை மளமளவென்று இரண்டு பாலிதீன் பைகளில் பிரித்துப் போட்டாள்.

"ரெண்டு ஜாதி கீது சார். கலக்காம எடுத்துக்கினு போ."

நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. புக்குல ஒரு அயிரைதான் போட்டிருக்கு."

"புக்கு எழுதினவரு வறுத்துப் பாத்தாரா?"

"வறுத்தா?"

"இது சேத்தயிரை. ஏரி, குட்டை எங்க பாத்தாலும் கெடைக்கும். சட்டியில போட்டா வாலு மூக்கத் தொடுற மாதிரி சுருண்டுக்கும். இது ஊத்தயிரை. இந்த ஊத்துக்கால வுட்டா எங்கியும் கெடையாது. கம்பி மாதிரி நேராவே கெடக்கும், எவ்ளோ வறுத்தாலும். எங்கூட்டுல இதுக்குத்தான் அடிதடி."

நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பின் விலை என்னவென்று போகப் போகத் தெரிந்தது.

2. சாவி

ஜீனுக்கு எடுக்கும் மீனை ஃபார்மலினில் போடவே கூடாது, ஸ்பிரிட்டில்தான் போட வேண்டும் என்று ராகவன் சார் மூன்று முறை சொல்லியிருந்தார். ஃபார்மலின் உருவத்தைக் கெட்டியாகக் காப்பாற்றும்; உள்ளே இருக்கிற டி.என்.ஏ.வைக் கொத்திப் போட்டுவிடும். ஸ்பிரிட் அப்படியில்லை. ஆனால் ஸ்பிரிட் என்பது சாராயத்தின் அண்ணன். மதுவிலக்குத் துறையின் அனுமதி வாங்கித்தான் கல்லூரியில் வைத்திருக்க முடியும். ஒவ்வொரு சொட்டுக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்து. பாட்டில் பீரோவில் இருக்கும். பீரோவின் சாவி ராகவன் சாரின் பூணூலில் முடிந்திருக்கும்.

நான் மீனோடு திரும்பிய அன்று வைகாசி கருடசேவை. சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். விடியற்காலையிலிருந்து பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் போய்க்கொண்டிருந்தார். சாவியும் அவரோடு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அத்தனை கூட்டத்தில் நுழைந்து, சட்டையில்லாத பெரியவர் ஒருவரின் பூணூலில் கை வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

ஒரு ராத்திரி காத்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அயிரை சுலபத்தில் சாகாது. காற்றையும் விழுங்கிச் சமாளிக்கும். இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு பையையும் தனித்தனியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மறுநாள் காலை சாவி வந்திருக்கும். ஆனால் வாளி ஒன்று மாடிப்படிக்குக் கீழே, இன்னொன்று தோட்டக்காரரிடம். போய்க் கேட்க வேண்டும். வீட்டில் கருடசேவைக்கு வந்த மாமனார் குடும்பம் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தது.

ஃபார்மலின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூடி சரியாக இருந்த பாட்டில் ஒன்றே ஒன்று. இரண்டு பையையும் அதில் கவிழ்த்தேன். எல்லாம் ஒரே மீன்தானே, புத்தகமே சொல்கிறதே. லேபிள் மட்டும் அழகாக எழுதினேன்: அயிரை, பாலாறு, வாலாஜாபாத். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் இரண்டு நிற நூலை ஒரே தார்க்குச்சியில் சுற்றியதற்காக அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். அந்த முதுகோடுதான் இதையும் செய்தேன்.

மறுநாள் ராகவன் சார் பாட்டிலைப் பார்த்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு ராத்திரி வாளியில விட்டிருக்கக் கூடாதோ?"

"தோணல சார்."

"சரி, போறது. திரும்பப் பிடிச்சுக்கலாம். ஆறு எங்க போயிடப் போறது?"

அடுத்த மாதம் ப்ராஜெக்ட் பணம் நின்றுபோனது. யாரும் திரும்பப் பிடிக்கப் போகவில்லை.

3. வெறும் ஜெல்

பத்து வருஷம் போனது. ராகவன் சார் ரிட்டயர் ஆகிவிட்டார். துறைக்கு ஒரு பி.சி.ஆர். மெஷின் வந்தது. துளியூண்டு டி.என்.ஏ.வில் நமக்கு வேண்டிய ஒரு ஜீனை மட்டும் லட்சக்கணக்கில் பெருக்கித் தரும் பெட்டி. அதோடு ஷாஹிதாவும் வந்தாள். ஆற்காட்டுப் பெண்; தென்னிந்திய அயிரைகளின் பரிணாமம் பற்றி பிஎச்.டி. செய்தாள். ஏரிகளிலும் மற்ற ஆறுகளிலும் பிடித்த அயிரைகள் அவளிடம் நிறைய இருந்தன, அத்தனையும் ஸ்பிரிட்டில்.

ஒரு நாள் டீ நேரத்தில் கன்னியம்மா கதையை ஜோக்காகச் சொன்னேன். ஷாஹிதா சிரிக்கவில்லை.

"சார், அந்த ஊத்தயிரை நெஜமாவே வேற இனமா இருந்தா, என் தீசிஸே மாறிடும். அந்த மீன் இருக்கா?"

"இருக்கு," என்றேன். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். முகம் மாறியது.

"ஃபார்மலினா?"

"சாவி கிடைக்கல."

மூன்று முறை முயன்றாள். பி.சி.ஆர். வேலை செய்திருந்தால் புற ஊதா விளக்கில் ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். மூன்று முறையும் இருட்டு. சரி, உடலை வைத்தாவது இரண்டாகப் பிரிக்கலாமா என்று பார்த்தோம். நிறமெல்லாம் வெளுத்து, வேகவைத்த சேமியாபோல இருந்தன. எக்ஸ்ரே எடுத்து முதுகெலும்பை எண்ணலாம் என்றால், எலும்பே கரைந்துபோயிருந்தது. ஃபார்மலின் நாளாக ஆகப் புளித்து எலும்பைத் தின்னும். ஒரு சிட்டிகை வெங்காரம், அதாவது போராக்ஸ், போட்டிருந்தால் தின்னாது. நான் போடவில்லை. வளைவாவது தெரியுமா என்றால், எல்லா மீனும் பாட்டிலின் வளைவுக்கே வளைந்திருந்தன.

"ஒண்ணுமே இல்ல சார் இதுல," என்றாள் ஷாஹிதா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4. பரண்

இருவரும் வாலாஜாபாத் போனோம். ஊற்றுக்கால் இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி. மணலை முழுக்க அள்ளி, அடியில் இருந்த களிமண் தெரிந்தது. லாரிச் சக்கரத் தடங்களில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதில் மீன் தேடிக் குனிந்த என்னை ஒரு லாரி க்ளீனர் பரிதாபமாகப் பார்த்தான்.

கன்னியம்மா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஐஸ் பெட்டி வைத்து, சென்னையிலிருந்து வரும் கடல் மீனை விற்றுக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா சார், ஒண்ணுதான்னு சொல்லிக்கினு போனியே, இப்ப எதுக்கு வந்துக்கிற?"

"ஊத்தயிரை வேணும்மா."

"எனக்குந்தான் வேணும். மணல அள்ளி மூணு வருசம் ஆவுது. மணலே இல்ல, அது எங்க பூந்துக்கும்?"

ஷாஹிதா மெதுவாகக் கேட்டாள். "அக்கா, கருவாடு ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களா?"

"அயிரைய யாருமா கருவாடு போடுவாங்க? அன்னன்னிக்குக் கொழம்புக்கே பத்தாது." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "பறி கீது. பரண் மேல."

அவள் வீட்டில் விறகடுப்புக்கு நேர் மேலே பரண். அதிலிருந்து பறியை இறக்கினாள். புகை படிந்து கறுத்திருந்தது. மூங்கில் பின்னலின் அடிமடிப்பில், அசையாமல் ஒட்டிக்கொண்டு, காய்ந்த குட்டி மீன்கள்.

"கடைசி வாட்டி தூக்கினப்ப தண்ணி இவ்ளோதான் இருந்துச்சு. வெறுத்துப்போயி அப்டியே தூக்கிப் போட்டேன். கழுவக்கூட இல்ல. எதுல கழுவறது?"

ஷாஹிதா பையைத் திறந்து கையுறை மாட்டிக்கொண்டாள். கன்னியம்மாவிடமும் ஒரு ஜோடி நீட்டினாள். நம் கையில் இருக்கிற டி.என்.ஏ. மீனோடு கலந்துவிடும் என்று விளக்கினாள்.

"ஏன் சார், இந்தப் பொண்ணு கலக்கக் கூடாதுங்குது. உன்கிட்ட யாரும் சொல்லலியா?" என்றபடி கன்னியம்மா கையுறையை மாட்டிக்கொண்டாள். பறியை வெட்ட விடவில்லை. மூங்கில் பிளாச்சுகளை விரலால் நெம்பி நெம்பி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். ஒன்பது கிடைத்தன. பாதிக்குத் தலை இல்லை, தொட்டால் உதிர்ந்தன. அத்தனை நாள் அடுப்புச் சூட்டிலும் ஐந்து கம்பிபோல நேராக இருந்தன. நான்கு சுருண்டிருந்தன. ஷாஹிதா ஒவ்வொன்றையும் தனிக் குழாயில் போட்டு நம்பர் எழுதினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எதையும் தொட என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

5. எழுத்துகள்

ஜெல்லில் கோடு வந்தது. மங்கல்தான், ஆனால் வந்தது. சென்னைக்கு அனுப்பி, ஜீனை எழுத்து எழுத்தாக வாசித்து வாங்கினோம். சுருண்ட நான்கும் ஷாஹிதாவின் ஏரி அயிரைகளோடு ஒட்டிக்கொண்டன. நேராகக் கிடந்த ஐந்தும் தனியாக நின்றன. யாரோடும் சேரவில்லை. இரண்டும் பிரிந்த காலத்தைக் கணக்கிட்டபோது பல்லவர், சோழர் மட்டுமல்ல, மனிதன் என்று ஒருவன் வருவதற்கே வெகு முன்னால் போய் நின்றது. அவ்வளவு காலமாகப் பாலாற்று மணலுக்குள் தனியாக வாழ்ந்த ஒரு மீனை, மூடி சரியாக இருந்தது என்பதற்காக, நான் ஒரே பாட்டிலில் கவிழ்த்திருக்கிறேன்.

ஆனால் அதற்குப் பெயர் வைக்க முடியவில்லை. புதிய இனம் என்று அறிவிக்க ஒரு முழு உடல் வேண்டும், இதுதான் அது என்று காட்டுவதற்கு. பறியில் கிடைத்தவை உடைந்த துண்டுகள். டி.என்.ஏ. எடுக்க அரைத்ததில் தீர்ந்தும் போயின. முழு உடல்கள் என் பாட்டிலில் இருக்கின்றன. அவற்றில் எது ஊத்தயிரை, எது சேத்தயிரை என்று சொல்ல இனி உலகத்தில் எந்த மெஷினும் இல்லை. எழுத்து ஓரிடத்தில், உடல் ஓரிடத்தில். நடுவில் நான்.

ஷாஹிதா கட்டுரையில் வறுவல் விஷயத்தையும் நேர்மையாக எழுதினாள். பத்திரிகையின் மதிப்பீட்டாளர், சமைக்கும்போது மீன் நடந்துகொள்ளும் விதம் வகைப்பாட்டுக்கு ஆதாரமாகாது என்று எழுதிவிட்டார். அவரும் வறுத்துப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு வருஷம் எஞ்சியிருந்த ஊற்றுக்கால்களிலெல்லாம் பறி வைத்துத் தேடினோம். எல்லாம் சுருளுகிற ஜாதி. ஊத்தயிரை அழிந்துவிட்டது என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். தீசிஸில் அதற்குப் பெயர் இல்லை. ஒரு நம்பர் இருக்கிறது.

6. லேபிள்

விஷயத்தைக் கன்னியம்மாவிடம் சொல்ல நான் தனியாகப் போனேன். சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் சொன்னது ரைட்டுதான?"

"ரைட்டுதாம்மா. ஜீன்லயும் ரெண்டுதான்."

"புக்குல போட்டாச்சா?"

"இல்ல. பேர் வைக்க முடியாதாம்."

"பேருதான் கீதே, ஊத்தயிரைன்னு?"

உடல் ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். கத்தி நின்றது.

"அன்னிக்கு ரெண்டு பையிலதான சார் குடுத்தேன்?"

"ஆமாம்மா."

"அப்பால எப்டி ஒண்ணா ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் யாரும் இதை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. ராகவன் சார் கண்ணாடியைத் துடைத்தார். ஷாஹிதா பாட்டிலை மூடினாள்.

"நான்தான் கலந்தேன். வீட்டுக்குப் போற அவசரம்."

கத்தி மறுபடி நகர்ந்தது. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவினாள். பிறகு, "வெயிலு ஏறுது. கெளம்பு சார்," என்றாள். அன்று எனக்கு மீன் விற்கவில்லை. நானும் கேட்கவில்லை.

லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிடித்துத் தருகிறவர் இரண்டு என்றால் இரண்டாகவே வையுங்கள். ஒன்று என்று நிரூபிக்க ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது. சாவி இல்லையென்றால் காத்திருங்கள். வாளி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாலாஜாபாத்திலிருந்து திரும்பிய அன்று அந்த பாட்டிலின் பழைய லேபிளை நனைத்து உரித்தேன். என் நல்ல கையெழுத்து மை கரைந்து போனது. புதிதாக எழுதி ஒட்டினேன். நீங்கள் கேட்கிற லேபிள் அதுதான்:

பாலாறு, வாலாஜாபாத். ஊத்தயிரை, சேத்தயிரை.
சேகரித்தவர்: கன்னியம்மா.
கலந்தவர்:

அந்த இடத்தில் இருப்பது என் கையெழுத்து.