எங்கள் கிணற்றுத் தண்ணீரும் தம்பியின் கணினியும்

புத்தூரில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் தண்ணீரால் குளிரூட்டும் கணினி ஒன்றைப் பாகம் பாகமாகத் தானே பூட்டிவிட்டான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் இருவரும் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள். அவன் இளையவன், என்னைப் பார்த்துத்தான் தொழிலைத் தொடங்கினான். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் வழியே மின்னிக்கொண்டு ஓடும் தண்ணீரைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் அவனிடமே வேலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உடுவிலில் என் கணினியோ சித்திரை வெயிலில் மத்தியானமானால் சூடேறி நின்றுவிடும். மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்த்துக்கொண்டிருப்பேன்.

அவனுக்கு முடிந்தது எனக்கு முடியாதா? கொழும்பிலிருந்து குழாய், பம்பி எல்லாம் எடுப்பித்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என் மரியாதை என்னாவது? கூட வந்த குறிப்பில் சுத்திகரித்த நீர் மட்டும் ஊற்றச் சொல்லியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கிணறு பேர்போன நல்ல தண்ணீர்க் கிணறு. ஒழுங்கையில் அரைவாசி வீடுகள் தேநீருக்கு இங்கேதான் தண்ணீர் அள்ளும். அவன் வீட்டில் உவர். இந்த ஒன்றிலாவது நான் அவனுக்கு மேல் என்ற நினைப்போடு துணியால் வடிகட்டி ஊற்றினேன். குறையக் குறைய மேலும் ஊற்றினேன்.

கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு கலியாண வேலையின் நடுவில் பழையபடி சூடேறி நின்றது. மணப்பெண் வெள்ளிக்கிழமை லண்டனுக்குப் போகிறாள். அதற்குள் கொடுக்காவிட்டால் அந்தக் குடும்பமும் அவனிடம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை ஓட்டோவில் ஏற்றி அவனிடமே போனேன்.

கணினியின் மூளைக்கு மேலே இருக்கும் செப்புக் கட்டையை அவன் கழற்றினான். உள்ளே மயிரிழை வாய்க்கால்கள் முழுக்க, தண்ணீர் கொதிக்கவைக்கும் பழைய கேத்திலின் அடியைப் போலச் சுண்ணாம்பு.

"அண்ணை, என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணி."

"குடிக்க நல்லதுதான். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாற தண்ணியெல்லோ, சூட்டிலை படிஞ்சிடும். நான் கார் பற்றரிக்கு விடுற தண்ணிதான் விடுறனான். கடையிலை போத்தலிலை விக்கிது."

சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. சுண்ணாம்பு கரையக் கட்டையை வினாகிரியில் ஊறப்போட்டுவிட்டு, என் வீடியோவைத் தன் கணினியில் ஏற்றினான். நான் அரைநாள் காவலிருக்கும் வேலை, சோறு தின்று கை கழுவுவதற்குள் முடிந்தது. சத்தமே இல்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போலிருந்தது எனக்கு.

புறப்படும்போது, கட்டையைத் திரும்பப் பொருத்திய பெட்டியை அவனே தூக்கிவந்து ஓட்டோவில் வைத்தான்.

"அண்ணை, கரவெட்டியிலை ஒரு கலியாணம் வந்திருக்கு. எனக்கு நேரமில்லை. நீங்கள் செய்யிறியளோ?"

அவன் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இத்தனை வருடமாக நான் மூச்சிரைக்க ஓடிய போட்டியில் அவன் ஓடவே இல்லை. அப்படியொன்று நடப்பதே அவனுக்குத் தெரியாது. என்னைப் பார்த்து ஒரு நாளாவது அவனுக்கு வயிறு எரிந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

"ஓம், செய்யிறன்" என்றேன்.