சு லாவ்ஷியின் மத்தியானத் தூக்கம்

சுதர்ஷிகா ஓக்லாந்துக்கு வந்து பதினெட்டு வருடம். நியூசிலாந்துப் பாஸ்போர்ட் இருக்கிறது, ஹில்ஸ்பரோவில் ஒரு வீடும் அதற்கொரு மோர்ட்கேஜும் இருக்கின்றன, எந்த மேகம் பெய்யும் எந்த மேகம் சும்மா மிரட்டும் என்று சொல்லும் அளவுக்கு இந்த ஊர் வானமும் பழகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, நாற்பத்திரண்டு வயதில், வீட்டிலிருந்து கொஞ்ச நேரக் கார் ஓட்டத்தில் அவள் திடீரென்று வெளிநாட்டுக்காரி ஆனாள்.

த்ரீ கிங்ஸில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் சீனர்கள் நடத்தும் டியூஷன் நிலையம் அது. 'வெளிநாட்டு ஆசிரியை ஆங்கிலம் கற்பிக்கிறார்' என்று கதவில் சீன மொழியில் ஒட்டியிருந்தார்கள். பொன்னிற முடியைத் தேடி வந்த பெற்றோர்கள் எண்ணெய் வைத்துப் பின்னிய கறுப்புப் பின்னலைக் கண்டார்கள். பாவம், அவர்களும்தான் என்ன செய்வார்கள்!

அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பின்னே? முதியோர் இல்லத்துச் சமையலறையில் வருடக்கணக்காகக் கரட் வெட்டியபடியே, மாலை வகுப்புக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் எடுத்தவள். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு சனமும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது இந்த நிலையத்தின் தலைவி ஃபாங் அம்மா ஒருவர்தான். குளிர்கால விடுமுறை இரண்டு கிழமையும் பிள்ளைகள் நாள் முழுக்க வருவார்கள், அதுவரை பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்று அவர் சொல்லியிருந்தார்.

சுதர்ஷிகாவின் பெயர் சீன நாக்குக்கு நீளம். சு என்று வெட்டி, ஆசிரியருக்கான லாவ்ஷியைச் சேர்த்து, சு லாவ்ஷி ஆக்கிவிட்டார்கள். சு என்பது தங்களுக்குள்ளும் ஒரு குடும்பப் பெயர்தான் என்று ஃபாங் அம்மா சொன்னபோது, ஏதோ சீனாவில் காணி எழுதிக் கொடுத்த மாதிரி அவள் பூரித்துப் போனாள்.

அன்றிரவே வீட்டில் சீன வகுப்புத் தொடங்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி, கேத்தல், கணவன் கிளைவின் கருவிப்பெட்டி என்று ஒன்றும் தப்பவில்லை, எல்லாவற்றிலும் சீன எழுத்துத் துண்டுகள், குளிர்சாதனப் பெட்டியில் கூடவே தன் பெயரான சு. டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடையின் குஜராத்தி ஐயாவுக்கும் "நீ ஹாவ்" என்று சீன வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்து, பால் வாங்கிய மிச்சக்காசைக் கவனமாக எண்ணிக் கொடுத்தார்.

"அம்மா, யூ ஆர் சோ எக்ஸ்ட்ரா," என்றாள் மகள் ஜனுஷா, தாயின் ஆர்ப்பாட்டம் தாங்காமல்.

"நீ முதல் தமிழ் எழுதப் பழகிப்போட்டு வாயைத் திற, பாப்பம்," என்று அவளை அடக்கினாள்.

இப்படி எல்லாவற்றையும் தாவிப் பிடித்தவளுக்குப் பிடிபடாமல் போனது ஒன்றே ஒன்று. மத்தியானம்.

சாப்பாடு முடிந்ததும் அங்கே வெளிச்சத்தை அணைத்துத் திரையை இழுத்துவிடுவார்கள். பிள்ளைகள் பாய்களில் படுப்பார்கள். ஆசிரியர்களும் ஆளுக்கொரு மடிப்புக் கட்டிலை விரித்து, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். முறைவைத்து ஒருவர் மட்டும் கதவடியில் சத்தமில்லாமல் விழித்திருப்பார். முதல் நாள் இதைக் கண்ட சுதர்ஷிகாவுக்கு வாய் பிளந்துவிட்டது. சம்பளம் வாங்கும் இடத்தில் கால் நீட்டிப் படுப்பதா? பகலில் படுத்தால் மூதேவி வந்து குடியேறுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் மூதேவிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், எல்லா வீட்டுக்கும் வந்து போகிறவள்தானே அவள்.

ஆகவே அவள் படுக்கவில்லை. சன்னல் ஓரம் இருந்து பின்னேர விளையாட்டுக்குப் பட அட்டைகள் வெட்டினாள். ஃபாங் அம்மா எட்டிப் பார்த்து, "சு லாவ்ஷி, களைச்சுப் போனீங்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கோ," என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான், சுதர்ஷிகாவின் காதில் அது எப்போதும் ஊர்த்தமிழாகவே விழும்.

"களைப்போ? எனக்கோ? இல்லவே இல்லை!" என்றாள் பெருமையாக.

அடுத்த நாள் கணக்கு ஆசிரியை லின் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாள் மறுபடி ஃபாங் அம்மா. தன் சுறுசுறுப்பைக் கண்டு எல்லோரும் அசந்துபோனார்கள் என்று சுதர்ஷிகா நினைத்தாள். கத்தரிக்கோலை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

முதல் கிழமை முடிய முறைப்பாடுகள் வந்தன. பின்னேரங்களில் பிள்ளைகள் சிணுங்கினார்கள், ஒருவரையொருவர் கிள்ளினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே தூங்கி விழுந்தார்கள். வெளிநாட்டு ஆசிரியை வந்த பிறகுதான் இப்படி என்று தாய்மார்கள் சொல்வதாக ஃபாங் அம்மா மெதுவாகத் தெரிவித்தார். ஏன் என்று சொல்லவில்லை.

சுதர்ஷிகா பதறினாள். வேலை கையைவிட்டுப் போகப்போகிறது. தன் வகுப்பு அலுப்பாக இருக்கிறதாக்கும் என்று எண்ணி, இன்னும் பெரிய விளையாட்டுகள், இன்னும் கூட அட்டைகள் என்று மத்தியானம் முழுக்க வெட்டித் தள்ளினாள். சிணுங்கல் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசி நாளுக்கு முதல் நாள், அவள் வெட்டிக்கொண்டிருக்க, ஆறு வயது யீயீ பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். தாய்மார்களும் ஃபாங் அம்மாவும் வளைத்து வளைத்துச் சொன்னதை அந்தச் சின்னன் நேராகப் போட்டு உடைத்தது.

"டீச்சர், நீங்கள் முழிச்சிருந்தா எங்களுக்கு எப்பிடி நித்திரை வரும்? என்ன செய்யிறீங்கள் எண்டு பாக்கத்தானே ஆசையாயிருக்கு."

சுதர்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். அரையிருட்டில் பாய்க்குப் பாய் கண்கள் மின்னிக்கொண்டிருந்தன. கட்டிலில் லினின் கண்களும் திறந்தே இருந்தன. ஓய்வெடுங்கோ, ஓய்வெடுங்கோ என்று நாள்தோறும் கும்பிடாத குறையாகக் கேட்டிருக்கிறார்கள், அவள் பாராட்டு என்று வாங்கி மடியில் கட்டியிருக்கிறாள். வெட்கம் காதுவரை ஏறியது.

அன்றிரவு கிளைவ் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "ஊரே படுக்கேக்கை நீ மட்டும் என்னத்துக்கடியப்பா கத்திரிக்கோலோடை காவல் இருந்தனீ? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கோணும்." சிரித்து முடித்து, தன் காம்பிங் மெத்தையை எடுத்துத் தூசி தட்டிக் காருக்குள் வைத்தான்.

கடைசி நாள், காம்பிங் மெத்தையும் பூப்போட்ட தலையணையுமாகச் சுதர்ஷிகா படியேறியதை ஃபாங் அம்மா கண்டார். மத்தியானம் வழக்கம்போல வெளிச்சத்தை அணைத்தார். அவளுக்குத் தூங்கும் எண்ணமெல்லாம் கிடையாது, பிள்ளைகளுக்காக நடிப்பதுதான் திட்டம். 'மடு மாதாவே, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடக்க அருள் தாரும்' என்று வேண்டிக்கொண்டு சரிந்தாள்.

மாதா கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள்.

கண் விழித்தபோது யாருடையவோ தடித்த போர்வை அவள் மேல் கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் மேசைகளில் இருந்து மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். லின் வாய் திறக்காமல் பலகையில் எழுதி எழுதியே பாடம் நடத்தினாள். சுதர்ஷிகா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அவளுடைய ஆங்கில வகுப்பு முழுசாகப் போய்விட்டிருந்தது, அதுவும் சோதனைக் காலத்தின் கடைசி வகுப்பு!

"சு லாவ்ஷி எழும்பீட்டா!" என்று யீயீ கத்தினாள். அடக்கிவைத்திருந்த சிரிப்பு அத்தனையும் வெடித்தது. ஒருவன் அவள் குறட்டை விட்டது மாதிரியே செய்து காட்டினான். கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்தபடி நின்ற சுதர்ஷிகாவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

போகும்போது ஃபாங் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "திங்கள் பள்ளி தொடங்குது. பிள்ளைகள் வர முதல், மத்தியானமே வாங்கோ. உங்கடை சாமான் ஒண்டு தரவேணும்."

சான்றிதழ்ப் பிரதியைத் திருப்பித் தரப்போகிறார், வேறென்ன? சனியும் ஞாயிறும் அவளுக்கு அதே நினைப்புத்தான். கேத்தலில் இருந்த சீனத் துண்டைக் கிழிக்கப் போய், மனம் வராமல் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை படியேறினாள். மேசையில் சான்றிதழ் ஒன்றும் இல்லை. ஃபாங் அம்மா சுவர்ப்பக்கம் கை காட்டினார். ஆசிரியர்களின் மடிப்புக் கட்டில்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. கடைசியில் ஒன்று புதிது, நெகிழி உறைகூடப் பிரிக்கவில்லை. எல்லாக் கட்டிலிலும் போல அதிலும் சிவப்புத் துண்டில் மூன்று எழுத்து. அவள் குனிந்து பார்த்தாள். கடைசி இரண்டும் நிலையத்தின் வகுப்பறைக் கதவுகளில் கண்டு பழகிய லாவ்ஷி. முதல் எழுத்து, இரண்டு கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டியில் அவளே எழுதி எழுதிப் பழகிய சு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் தானாகவே வாசித்த முதல் சீனம் அது.

"உங்களுக்கு முதல் இருந்த வெளிநாட்டு ஆசிரியர்மார் மத்தியானம் காருக்குள்ளை போய் இருந்திடுவினம்," என்றார் ஃபாங் அம்மா. "நம்பாத இடத்திலை ஆருக்கும் நித்திரை வராது, சு லாவ்ஷி." பிறகு, வழக்கம்போல, "களைச்சுப் போனீங்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கோ."

சுதர்ஷிகாவின் கண் நிறைந்து வழிந்தது. இம்முறை இல்லை என்று சொல்ல அவளுக்குப் பைத்தியமா?

"ஓம், சரியான களைப்பு," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, உறையைக் கிழித்துக் கட்டிலை விரித்தாள்.