மார்க் கேட்ட மா தொக்மான்

மா தொக்மானைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். திட்டாமல் என்ன செய்வது? கொரியாவின் தெற்குக் கரையில், மொக்போ மீன் சந்தையில் என் கடைக்கு நேர் மேலே, மாடியில் அவனுடைய பாட்டு வகுப்பு. நான் கீழே புளிக்க வைத்த திருக்கை மீன் விற்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் சப்புக்கொட்டிக்கொண்டு போகிற சரக்கு அது. அவன் மேலே சந்தைப் பெண்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காலை முழுவதும் ட்ரொட் பாட்டு சொல்லிக்கொடுப்பான். ட்ரொட் என்றால் எங்கள் பழைய மெட்டு. அழவும் வைக்கும், ஆடவும் வைக்கும். வரி முடிகிற இடத்தில் குரலை ஒடித்து வளைக்க வேண்டும். அந்த ஒடிப்பு சரியாக விழாவிட்டால் எங்கள் சந்தையில் ஒருத்தியும் கை தட்டமாட்டாள்.

"ஏல தொக்மான்! அந்தப் பெட்டியக் கொஞ்சம் கொறச்சு வைல! செத்த மீனு எந்திரிச்சு ஓடிரும் போல இருக்கு!"

"ஒங்க மீன் நாத்தத்துக்கு நானே ஓடல, மீனா ஓடும்? சும்மா கெடங்கக்கா!"

வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. வயிற்றுக்குத்தான் குறைச்சல். இளவயதில் பாடகனாகிறேன் என்று சியோலுக்குப் போனான். அங்கே இவனுடைய தெற்குப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். பேச்சை மாற்றினான், பெயரை மாற்றினான், முன்பல்லைக்கூட மாற்றினான். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. அதை வாங்கினவர்களை எனக்குத் தனித்தனியாகத் தெரியும். திரும்பி வந்தவன், கைபேசிக் கடை திறப்பு விழாவிலும் அறுபது வயது விருந்துகளிலும் ஜிகினாக் கோட்டு மாட்டிக்கொண்டு பாடிப் பிழைத்தான். குடித்தால் ஒரே புலம்பல்: "அக்கா, டிவில ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டா போதுங்க்கா. அப்புறம் செத்தாலும் கவலையில்ல." கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அப்போதுதான் போரா வந்தாள். எனக்குப் பக்கத்துக் கடையில் கத்தாளை மீன் விற்கிற போரா அம்மாவின் மகள். அப்பா திமோர் தேசத்துக்காரர். எங்கள் துறைமுகத்துப் படகில்தான் வேலை, அதே கத்தாளையைப் பிடித்து வருகிறவர். பெண் அப்பாவை உரித்து வைத்திருந்தாள். கறுத்த நிறம், சுருட்டை முடி, கோலிக்குண்டு கண். ஒருநாள் அம்மா இல்லாத நேரம், அந்த வாண்டு கூடை மேல் ஏறி நின்று, "கத்தாளேய்ய்ய்! உயிரோட இருக்குற கத்தாளேய்ய்ய்!" என்று கூவினாள் பாருங்கள், கடைசியில் குரல் ஒடிந்தது! தொக்மான் தலை நிறைய சாயத்தோடு, பனியனோடு மாடிப்படியில் உருண்டடித்துக்கொண்டு வந்தான்.

"யாரு? இப்பம் கூவுனது யாரு?"

"நாந்தான். மீனு வேணுமா? சும்மா நிக்காதீய, யாவாரம் கெடுது" என்றாள் போரா.

"ஏட்டி, இன்னொரு தடவ கூவு!"

"மீனு வாங்குனாத்தான் கூவுவேன்."

வாங்கினான், கடன் சொல்லி. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் போரா நேரே மாடிக்குத்தான் போவாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் பாடும்போது நான் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். மயிர்க்கூச்செறியும். தொக்மானும் ஆளே மாறிப்போனான். குடியைக் குறைத்தான், கோட்டைத் துவைத்தான்.

போட்டிகளுக்கு அழைத்துப்போக ஆரம்பித்தான். அங்கேதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு இடத்திலும் நடுவர்கள் இவளைப் பார்த்ததும் முகத்தைக் குழைத்துக்கொண்டு, "அடடா, எவ்வளவு நல்லா கொரிய மொழி பேசுறே!" என்பார்கள். மொக்போவில் பிறந்த பெண் வேறு என்ன மொழி பேசுவாள்? மற்றப் பிள்ளைகளுக்கு மார்க் போடுவார்கள், இடம் சொல்வார்கள். இவளுக்கு மட்டும் நட்புப் பரிசு, அன்புப் பரிசு, ஊக்கப் பரிசு. ஒரு கரடி பொம்மை, ஒரு போட்டோ.

"பெரியம்மா, நான் நல்லாப் பாடுதேனா இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ராசாத்தி மாதிரி பாடுதே."

"அப்பம் ஏன் மார்க் போட மாட்டேங்காவ? தோத்தா தோத்தேன்னு சொல்லட்டுமே! கரடிய வச்சிட்டு நான் என்னத்தச் செய்ய?"

தொக்மான்தான் அவள் தலையைத் தட்டி, "ஒனக்கு நான் மார்க் வாங்கித் தாரேன்ட்டி. இது என் வாக்கு" என்றான்.

அந்த வருஷம் சியோல் டிவிக்காரர்கள் பிள்ளைகளுக்கான ட்ரொட் போட்டி வைத்தார்கள். தெற்குப் பக்கத்துச் சுற்று குவாங்ஜுவில். முதலிடம் வருகிற பிள்ளை சியோலுக்குப் போகலாம். போராவின் பாட்டைப் பதிவு செய்து அனுப்பியதும் சியோலிலிருந்து நிகழ்ச்சி எழுதுகிற பெண் ஒருத்தி கிளம்பி வந்தாள். என் கடையைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

மாடியில் பேசியது கீழே எல்லாம் கேட்டது. "போட்டியில சேர்த்தா மத்த குழந்தைங்களோட ஒப்பிடுவாங்க சார். பாவம், மனசு கஷ்டப்படும். அதனால சிறப்பு விருந்தினரா தனியா ஒரு மேடை குடுக்குறோம். அப்பா ஊரு உடுப்புல வரட்டும். கூடவே நீங்களும் பாடுங்க. வாத்தியாரும் சிஷ்யையும்! ரொம்ப உருக்கமா இருக்கும்."

"நானா? டிவிலயா?" தொக்மானின் குரல் கிறீச்சிட்டது.

"ஆமா சார். முழுப் பாட்டு."

"சரி" என்றான் பாவி. நான் படியேறிப் போய்க் காதோடு கேட்டேன்: "ஏல, மார்க்கு?" அவன் என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்தினான்.

போராவிடம் யாரும் சொல்லவில்லை. சந்தையே ஒரு பஸ் பிடித்து குவாங்ஜுவுக்குக் கிளம்பியது. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுற்றி கிம்பாப் உருட்டிக்கொண்டோம், காய்ந்த கணவாய் எடுத்துக்கொண்டோம், வழியெல்லாம் எங்கள் ஆட்டத்தில் பஸ் குலுங்கியது. போரா அப்பா மட்டும் கடலில் இருந்தார். கத்தாளை ஓடுகிற காலம், படகு நிற்காது.

ஒத்திகையில்தான் முதல் கூத்து. ஒலிவாங்கிக் கம்பு போராவுக்கு உயரமாக இருந்தது. அவள் எங்கள் ஊர் வழக்கப்படி, "வாத்தியாரே, அந்தக் கொஷிகியக் கொஞ்சம் கொஷிகி பண்ணுங்க!" என்றாள். எங்கள் பக்கம் பெயர் வாயில் வராத சாமானெல்லாம் கொஷிகிதான். செய்கிற வேலையும் கொஷிகிதான். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் ஒரு குழப்பமும் இருக்காது. தொக்மான் உடனே கம்பை இறக்கினான்.

எழுதுகிற பெண் ஓடி வந்தாள். "என்ன சொன்னா? திமோர் பாஷையா? எவ்வளவு இனிமையா இருக்கு! குறிச்சுக்கோங்க, திரையில அர்த்தம் போடணும்!"

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு கிம்பாப் புரையேறியது. நாங்கள் யாரும் திருத்தவில்லை. போராவின் முகத்தைப் பார்த்ததும் காது அடைத்துப்போகிறவளுக்கு நாம் என்னத்தைச் சொல்ல? மேடையிலேயே சந்தி சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆனால் அந்தச் சிரிப்பு என் வாயில் நிலைக்கவில்லை. பிள்ளைகளுக்கெல்லாம் நெஞ்சில் நம்பர் குத்தினார்கள். போராவுக்கு மட்டும் பெரிய சிவப்புப் பூ. அவள் குனிந்து அதைப் பார்த்தாள், பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, என் நம்பரு எங்க?"

"பூ... பூ அழகாத்தானட்டி இருக்கு."

"இன்னைக்கும் மார்க் இல்லியா?"

தொக்மான் கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் போரா. கத்தவில்லை, அழவில்லை. அதைவிட அவனை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. பிள்ளைகள் பாடினார்கள், மார்க் வாங்கினார்கள். ஏழாம் நம்பர் பெண் ஒருத்தி, ரோஜா நிறக் கவுன், கொழுத்த குரல், எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். பிறகு விளக்கை அணைத்துப் பூவைக் கொட்டி போராவை மேடையேற்றினார்கள்.

தொகுப்பாளன் குனிந்து, "கடல் கடந்து வந்த நம்ம குட்டி விருந்தாளி! உங்க பாஷையில எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றான்.

போரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கொஷிகி" என்றாள்.

"கொஷிகி! என்ன அழகான திமோர் வார்த்தை! அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அவ்வளவுதான். மண்டபம் முழுக்கத் தெற்கத்திக்காரர்கள். சிரிப்பு வெடித்தது பாருங்கள், கூரை பிய்த்துக்கொண்டு போகாதது அதிசயம். தொகுப்பாளன் பேந்தப் பேந்த விழித்தான். நடுவர் வரிசையில் ஒரு பழம்பெரும் பாடகர் இருந்தார். முடி வெள்ளை, பேச்சு சியோல் பேச்சு. ஆளே சியோல்தான் என்று நாடே நம்பிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் மேஜையில் அடித்து அடித்துச் சிரித்துவிட்டு, "அட, நம்மூருக் கழுத! ஏட்டி, நீ எந்தத் தெரு?" என்று பச்சைத் தெற்குப் பேச்சில் கத்திவிட்டார்!

"மொக்போ மீன் சந்தைங்கய்யா! கத்தாளைக் கடை!"

அந்தச் சந்தடியில் டிவிக்காரர்கள் அவசர அவசரமாகத் தொக்மானை மேடைக்குத் தள்ளினார்கள். கையில் ஒலிவாங்கி. மேளம் தயார். எல்லாக் கேமராவும் அவன் முகத்தில். இசை ஆரம்பித்தது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். போரா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க" என்றான் தொக்மான்.

இசை நின்றது.

"நான்... நான் பாட வரல. பாடத்தான் வந்தேன், ஆனா பாடல." நாக்குக் குழறியது. சியோல் பேச்சு பாதி, எங்கள் பேச்சு பாதி. "இந்தப் பிள்ள விருந்தாளி இல்ல. இங்கன பொறந்தவ. எத்தனையோ மேடையில கரடி பொம்ம குடுத்துட்டீய. போதும். மார்க் போடுங்க. முட்டை போட்டாலும் போடுங்க, சந்தோசமா வாங்கிட்டுப் போறோம். தயவு செஞ்சு மார்க் போடுங்க." இடுப்பு ஒடிய வணங்கினான்.

"மார்க் போடு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். திருக்கை விற்ற தொண்டை சும்மாவா? பின்னால் சந்தையே எழுந்தது, பிறகு மண்டபமே எழுந்தது. "மார்க் போடு! மார்க் போடு!" எழுதுகிற பெண் ஓரத்தில் கையைப் பிசைந்தாள். டிவிக்காரர் ஒருவர் ஓடி வந்து நடுவரின் காதைக் கடித்தார். அந்த வெள்ளை முடிக்காரர் அவரைத் தள்ளிவிட்டு, "பொத்தான் என் கையிலதானய்யா இருக்கு? பாடுட்டி!" என்றார்.

போரா பூவைப் பிடுங்கித் தொக்மானிடம் கொடுத்தாள். "வாத்தியாரே, நீங்க எறங்குங்க. போட்டின்னா தனியாத்தான் பாடணும்."

இறங்கினான். அவன் வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த இடத்திலிருந்து, ஒரு வரிகூடப் பாடாமல் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். பிற்பாடு ஒளிபரப்பில் அவன் பேசியது ஒரு சொல் வரவில்லை. எல்லாம் வெட்டு. முதுகு மட்டும் தெரிந்தது.

அவள் பாடினாள். கப்பல் போன துறையில் நிற்கிறவளின் பாட்டு. முதல் வரி முடிகிற இடத்தில் ஒடித்தாள் ஒரு ஒடி! போரா அம்மா என் கையைக் கிள்ளிவிட்டாள், இன்னும் தழும்பு இருக்கிறது. மண்டபமே கை தட்டியது. தொக்மான் மூச்சு விடாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

மார்க் வந்தது. வெள்ளை முடிக்காரர் அள்ளிக்கொடுத்தார். இரண்டாமவரும் கொடுத்தார். மூன்றாவது ஒரு கறாரான அம்மாள். "ரெண்டாம் சரணத்துல மூச்சு பத்தல. கோபத்துல பாடுன, அவசரப்பட்ட. அதான் குறைச்சிருக்கேன். தப்பா நினைக்காத" என்றாள். கூட்டிப் பார்த்தால் ஏழாம் நம்பரைவிட ஒரு மயிரிழை குறைவு. இரண்டாமிடம். சியோல் இல்லை.

"கேட்டீயளா அக்கா! மூச்சு பத்தலங்காவ! தப்பு சொல்லிட்டாவ!" தொக்மான் என் தோளைப் பிடித்து உலுக்கினான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. எனக்கும் கண்ணீர் பொங்கிவிட்டது.

ஆனால் போராவுக்குக் கோபமான கோபம். நடைவழியில் சுவரை உதைத்துக்கொண்டு, மூக்கொழுக, "தோத்ததுக்குச் சிரிக்கிற ஒரே வாத்தியாரு நீங்கதான்!" என்று அவனை அடித்தாள். "மூச்சு பத்தலன்னு முன்னாடியே ஏன் சொல்லல? நாளைக்கே அந்தச் சரணத்த எடுக்கணும்!"

"எடுப்போம்ட்டி, எடுப்போம்."

அப்போது ரோஜாக் கவுன் பெண், ஏழாம் நம்பர், அவள் அம்மா கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். போராவுக்கு எதிரே மூச்சு வாங்க நின்றாள். இவளும் எந்த ஊர் என்று கேட்கப்போகிறாளோ என்று எனக்குக் கை பரபரத்தது.

"ஏய், மொதல் வரில குரலை ஒடிச்சியே, அது எப்படி? எங்க மூச்சு எடுத்த? எனக்கு வரவே மாட்டேங்குது!"

காலையிலிருந்து அத்தனை பேர் அவளிடம் அத்தனை கேள்வி கேட்டார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. போரா மூக்கைத் துடைத்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சொல்ல மாட்டேன், போடி!"