ஒன்று முதல் நூற்றுப்பத்து வரை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜெயராணி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளோடு இருக்க அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறாள்.

"அண்ணாச்சி, எம்புள்ள கிடக்க எடத்தக் காட்டிருங்க. ஒரு கல்லு வச்சிட்டுப் போயிருதேன்."

அவளுடைய மூத்த பிள்ளை மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. அது நடந்து இருபத்திரண்டு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டக் கமிட்டிக்குப் பதினேழு வருஷம் செயலாளராக இருந்தவன் நான். யார் எங்கே கிடக்கிறார் என்று கேட்க வேறு ஆள் கிடையாது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வாசலிலிருந்து தெருமுனைக்கு நூற்று நாற்பது அடி. அதற்குள்ளாகவே என்னால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் திரும்பிப் போய்க் கோவில் பின்னறையைத் திறந்தேன். பழைய கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருக்கிறது. உறையைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனை. மூன்று உருண்டை போட்டு வைத்தவன் நான்தான். கம்ப்யூட்டரை எந்தப் பூச்சி தின்னும் என்று அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது அதற்கு உயிர் இல்லை. இருந்தாலும் பயன் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை அதில் ஏற்றினேன். ஜெயராணியின் பிள்ளை அதில் இல்லை.

அந்துருண்டையை மோந்தால் எனக்குப் புதுத்துணி ஞாபகம் வரும். கணேசனின் கம்ப்யூட்டர் சென்டர் ராஜபாளையத்தில் ஒரு நைட்டிக் கடைக்கு மேலே இருந்தது. தளவாய்புரத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் நைட்டிகளைக் கீழே அவன் அம்மா விற்பார். கஞ்சித் துணி வாசனையினூடே பதினான்கு படி ஏறினால் கணேசன். அப்போது நான் அங்கே ஒரு மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிஷம் பிந்தினார் என்று எண்ணுவதற்கே சம்பளம் வாங்கியவன்.

கோவிலுக்கு யாரோ ஒரு கம்ப்யூட்டரைக் கொடுக்க, கல்லறைப் பதிவை அதில் ஏற்றிவிடலாம் என்று முன்மொழிந்தவனும் நானே. என்னென்ன வேண்டும் என்று இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தேன். கணேசன் நாற்பது நாளில் புரோகிராம் எழுதித் தந்தான். பெயர், தகப்பன் பெயர், வயது, தேதி போட்டால் வரிசையும் குழி எண்ணும் தானாக விழும். அந்த எண்ணைத் தகரத்தில் எழுதித் தலைமாட்டில் அடிப்போம். எனக்கு அது பெரிய பெருமை. பழைய பேரேட்டின் அடியில் சிவப்புக் கோடு கிழித்து, இத்துடன் முடிந்தது என்று எழுதிப் போதகரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

ஒரு வருஷம் எல்லாரும் வயதாகியே இறந்தார்கள். அதன் பிறகு ஜெயராணியின் பிள்ளை வந்தது.

வயது என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். கீச்சென்று ஒரு சத்தம். வயது தவறு என்று சிவப்பில் வந்தது. முந்நூற்று அறுபத்தைந்தில் மூன்று என்று வகுத்துக்கூடப் போட்டுப் பார்த்தேன். ஏற்கவில்லை. ஒன்று என்று போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். மூன்று நாள் இருந்த பிள்ளைக்கு ஒரு வயது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எண் விழாததால் தகரமும் அடிக்கவில்லை. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், 'ஜெயராணி மகன், மூன்று நாள், வேப்பமரத்திலிருந்து ஏழு அடி' என்று எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். புரோகிராமைச் சரிசெய்ததும் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மில் விட்டதும் பதினான்கு படி ஏறினேன்.

"ப்ரீ சர்வீஸ் முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு சார்," என்றான் கணேசன். "நானூறு ரூவா ஆகும்."

"தப்பு மொத நாள்ல இருந்தே இருக்கு தம்பி. பதினோரு நாள் கணக்கு எங்க வந்துச்சு?"

"தப்பே இல்ல சார். நீங்க எழுதிக் குடுத்ததத்தான் போட்டிருக்கேன்."

"பச்சப் புள்ள சாகாதுன்னா எழுதிக் குடுத்தேன்? எங்க, அந்தத் தாளக் காட்டு பாப்போம்."

மேசை இழுப்பறைகள் நான்கையும் இழுத்துத் தேடினான். தாள் கிடைக்கவில்லை. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் கேட்டு அவன் அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஏலே கணேசா, பெரிய மனுசர்ட்ட என்னலே சத்தம்?"

நானும் விடவில்லை. படியில் இறங்கிக்கொண்டே, "நீங்களே சொல்லுங்கம்மா. நைட்டி தச்சவன் தல நுழைய ஓட்ட வைக்க மறந்துட்டா, ஓட்டைக்குத் தனிக் கூலி கேப்பானா?" என்றேன்.

அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அளவு குடுக்க வந்தவரு தலையக் காட்டாமப் போயிட்டா தையக்காரன் என்ன சார் செய்வான்?"

கடையிலிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை, பஸ் மடவார் வளாகம் தாண்டியும், அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது.

"நானூறுதானே, குடுத்திருங்க," என்றார் போதகர்.

"தொகை இல்லீங்கய்யா. நியாயம்," என்றேன்.

அந்த நியாயத்தோடு ஏழு மாதத்தில் ஒன்பது முறை படி ஏறினேன். அவனும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. டின்னில் தாள் நான்கு ஆயிற்று. ஒன்பதாம் முறை மேலே பூட்டு தொங்கியது.

"துபாய்க்குப் போயிட்டான் சார்," என்றார் அவன் அம்மா. "ஒங்க தாளுக்காவ பரண்ல கூடத் தேடிப் பாத்துட்டுத்தான் போனான்."

வேறு இரண்டு கம்ப்யூட்டர்காரர்களைக் கூட்டி வந்தேன். எழுதியவர்தான் அதைத் திறக்க முடியும் என்று இருவருமே கையை விரித்தார்கள். பெரியவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு அந்தப் புரோகிராம் இன்னும் பல வருஷம் ஓடியது.

போன ஞாயிறு மத்தியானம் வீட்டு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அந்த நாள்காட்டித் தாள் எங்காவது ஒட்டியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. டின்னிருந்த கோவில் அலமாரியைக் கரையான் அரித்து, டின்னோடு தூக்கிப் போட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. நான் தேடியது கிடைக்கவில்லை. கணேசனுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு தாளின் கார்பன் காப்பி கிடைத்தது. எதை எழுதினாலும் காப்பி வைப்பவன் நான். அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது அதை எடுத்துப் பார்த்திருக்கலாம். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

எட்டாவது வரி: 'வயது: 1 முதல் 110 வரை மட்டும். வேறு எண் போட்டால் ஏற்கக் கூடாது.' என் கையெழுத்து. 'கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு. யாராவது கைதவறி ஐந்நூறு என்று அடித்துவிடக் கூடாதே என்ற பயம். நூறு போதுமா, நூற்றுப்பத்து வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தது நினைவிருக்கிறது. முதலில் போட்ட ஒன்றைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். நைட்டிக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. படிகளை இடித்துவிட்டார்கள். கணேசன் என்று ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார் கடைக்காரர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஜெயராணியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வாசித்துவிட்டு, இரண்டாய் மடித்து என்னிடமே தந்தாள்.

"வேப்பமரம் எங்க அண்ணாச்சி?"

மதில் கட்டியபோது வெட்டிவிட்டார்கள். குழி தோண்டிய மாசிலாமணியும் இப்போது அதே தோட்டத்தில், ஐந்தாம் வரிசையில், எண்ணோடு கிடக்கிறார். புல் மண்டிய அந்த மூலையில் தகரமே இல்லாத நான்கு பிள்ளைகள். மரம் எங்கே நின்றிருக்கும் என்று மதிலை வைத்துக் கணித்துவிடலாம் என்று தோன்றியது. மதிலில் முதுகை ஒட்டி நின்று அடி வைக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"எண்ணாதீங்க அண்ணாச்சி," என்றாள் ஜெயராணி. "மிதிச்சிரப் போறீய."

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.