நாலாவது செர்வரை நிறுத்தியவன்

நாலாவது செர்வர் நின்ற அன்று காலை, ஒஸ்லோவின் ஒரு பகுதியில் வீட்டுப் பராமரிப்புத் தாதிமார் அடுத்து யார் வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் காருக்குள் காத்திருந்தார்கள்; அவர்களின் பட்டியல் அதில்தான் இருந்தது. அதை நிறுத்தியது நான். முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அன்று சொல்லவில்லை.

எங்கள் செர்வர் அறையில் ஒரு பெட்டிக்குள் பத்து செர்வர்கள் செருகியிருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டளைகளை அடிக்க ஒரே கொமாண்ட் லைன். cd போட்டு ஒவ்வொரு செர்வருக்குள்ளும் இறங்க வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று திரை தானாகச் சொல்லாது, வெறும் அம்புக்குறிதான் தெரியும். show அடித்தால் இடம் வரும். stop அடித்தால், "இதை நிறுத்தவா?" என்று செர்வரின் பெயரோடு கேட்கும். ஆறு வருட அனுபவசாலியான எனக்கு அந்தக் கேள்வி தொல்லை. கூடவே -script என்று சேர்த்தால் கேட்காமலே நிறுத்திவிடும்.

அன்று ஏழாவதில் மெமரி மாற்ற வேண்டும். அதற்கு முன் நாலாவதற்குள் போய் வெப்பநிலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எனக்குப் போன் எடுத்தாள், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சப்பாத்து மலிவு விற்பனையாம். கதைத்து முடித்துவிட்டு, ஏழில் நிற்பதாக நினைத்து, என் மேசையிலிருந்தே stop -script அடித்தேன்.

செர்வர் அறைக்குள் பெட்டியின் பக்கத்தில் நின்ற சுந்தர் கதவால் எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர், வேலைக்கு வந்து மூன்று மாதம்.

"அண்ணா, ஏழு இன்னும் ஓடுது. நாலுதான் ஆஃப் ஆயிருச்சு."

மறுபடி எழுப்ப நாற்பது நிமிடம் பிடித்தது.

பிற்பகல் எங்கள் மேலாளர் இங்ரிட் எல்லோரையும் கூப்பிட்டார். கூட்டம் நோர்வேஜிய மொழியில். சுந்தருக்கு வணக்கத்துக்கு மேல் அந்த மொழி தெரியாது. அவருக்குத் தகுதிகாண் காலம் முடியவில்லை. வேலை நிரந்தரமானால்தான் ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட முடியும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"யார் செய்தது?" என்றார் இங்ரிட். எல்லோரும் root என்ற ஒரே பொதுக் கணக்கில்தான் உள்ளே போவோம், அதனால் யார் அடித்ததென்று பெயர் வராது.

"சுந்தர் புதியவர். இது அவருக்கு இன்னும் பழகவில்லை," என்றேன் நான். இரண்டுமே உண்மை. அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தன் பெயர் காதில் விழுந்ததும் சுந்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "என் பேரு வந்துச்சே, என்ன சொன்னீங்க?"

"உம்மைப் பற்றி நல்லாத்தான் கதைச்சனான், தம்பி."

இரண்டு நாள் கழித்து இங்ரிட் என்னைத் தனியே கூப்பிட்டு, கணினிப் பதிவான லாக்கைக் காட்டினார். எந்த மேசையிலிருந்து அந்த stop போனது என்று அதில் இருந்தது. என் மேசை.

"சுந்தரை வேலையைவிட்டு அனுப்பும் கடிதத்தை எழுதி வைத்திருந்தேன்," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்க வேண்டியது என்னிடம் இல்லை," என்றார்.

அன்று மாலை நானும் சுந்தரும் ஒரே ரயிலில் ஏறினோம். அவர் வெஸ்ட்லி வரை போவார், நான் ரொம்மனில் இறங்க வேண்டும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வேலை கன்ஃபர்ம் ஆயிருச்சு, அண்ணா. அன்னைக்கு மீட்டிங்ல தப்பு உங்களுதுன்னு ஒத்துக்கிட்டு, எனக்காகவும் பேசியிருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

"பரவாயில்லை, தம்பி," என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: stop அடிக்கும் முன் show அடியுங்கள். -script பக்கம் போகாதீர்கள். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், பிந்தினால் வாய் வராது. இங்ரிட்டிடம் ஒத்துக்கொள்ள எனக்கு லாக் வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதைச் சுந்தரிடம் காட்ட யாரிடமும் லாக் இல்லை. அவர் இன்றும் தீபாவளிக்குத் தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறார்.