ஒரு பிடி துவரம் பருப்பு

சென்ற மாதம் ஊரிலிருந்து அத்தான் வந்திருந்தார், என் அக்காள் கணவர். ரயிலடியிலிருந்து சூலூர் பஸ் பிடித்து, எங்கள் காலனி நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வந்தவர், வாசல் ஓரம் மூடி போட்டு வைத்திருந்த பித்தளைக் குடத்தைப் பார்த்தார். மூடியை எடுத்தார். குடத்தைச் சாய்த்து, முழங்கால் வரை சாவகாசமாகக் கால் கழுவினார். மிச்சத்தில் வாய் கொப்பளித்தார். "கோயமுத்தூர்த் தண்ணிக்கு என்னா குளுமை!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். என் மனைவி கோமதி சமையலறை வாசலில் நின்று அந்தக் காலி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் சைக்கிளில் ஒன்றரை மைல் போய், வரிசையில் நின்று பிடித்து வந்த குடம் அது. சிரித்த முகமாக, "வாங்க அண்ணாச்சி" என்றாள். எனக்கு மட்டும் கண்ணைக் காட்டினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி சைக்கிளை எடுத்தேன்.

அத்தானைக் குறை சொல்ல நான் யார்? தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். அதில் இரண்டு தினுசு உண்டு, ஒன்றைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட யோசிக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இங்கே எங்கள் காலனியில் இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், இது நல்ல தண்ணி, அது உப்புத் தண்ணி என்று.

சாப்பிடும்போது அத்தான் கேட்டார். "மாப்ளே, இங்க மனை என்ன விலை போகுது? நானும் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கேன்." அவர் மட்டுமா? மில்லில் வேலை கிடைத்தவன், கிடைக்கப் போகிறவன், பையனை இங்கே காலேஜில் சேர்த்தவன் என்று ஊரிலிருந்து ஆளாளுக்குக் கார்டு போட்டுக் கேட்கிறார்கள். கோயமுத்தூருக்கு வெளியே சொந்த வீட்டில் குடியிருக்க என்ன செலவாகும்? எல்லாருக்கும் தனித்தனியாக எழுத எனக்குத் தெம்பில்லை. ஆகவே இந்தக் கட்டுரை. மனை விலையைத் தரகரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன், நயா பைசா வந்த புதிதில், நாங்கள் டவுனுக்குள் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு அறை, ஒரு அடுப்படி, தெரு முனையில் சிறுவாணிக் குழாய். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஒருநாள் மாலை என்னை நிறுத்தி, "ஏனுங்க, பையனுக்குக் கண்ணாலம் கூடி வந்திருக்குதுங்க. நீங்க மெதுவா வேற எடம் பாத்துக்குங்க, அவசரமொண்ணுமில்லீங்க" என்றார். அவசரமில்லை என்றாரே என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். நாலாம் நாள் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வெள்ளையடிக்கிற ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் ஊரில் காலி பண்ணச் சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். இங்கே அதையும் 'ங்க' போட்டுச் சொல்கிறார்கள். சொன்னதன் கனம் எவ்வளவு என்று கேட்கிறவன்தான் எடைபோட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாடம் எனக்கு அன்றைக்கே ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

கோமதி அப்போது இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஊரில் என்றால் அவள் வீட்டில். அவள் அப்பாவுக்கு ஒரே பெண். கண்ணை மூடும் முன் வீட்டை அவள் பேருக்கு எழுதி வைத்திருந்தார். பின்கதவைத் திறந்தால் ஆற்றுப் படித்துறை. அந்த வீட்டை விற்றால் இங்கே ஒரு வீடு வாங்கலாம். என் சம்பளத்தில் வேறு வழியே கிடையாது. "நமக்கினி அங்கேதானே பிழைப்பு, வித்துருவோம்" என்று முதலில் எழுதியவள் அவள்தான். எனக்குத்தான் கொஞ்சம் உறுத்தியது.

டவுனுக்குள் வீட்டு விலையைக் கேட்டாலே காய்ச்சல் வரும். மில் சகா ஒருவர் சூலூர் போகும் சாலையில் புதிதாகப் பிரித்திருந்த காலனியைச் சொன்னார். ஒரு தோட்டத்தை மனைகளாக்கி, அதில் நாலைந்து வீடுகளும் கட்டியிருந்தார்கள். தோட்டத்துக்காரர் நாச்சிமுத்து. அவர் மனைவி ராமாத்தாள். கார்த்திகை மாதம், மழை பெய்து ஓய்ந்திருந்தது. வேலியோரமெல்லாம் பச்சை. ஈரக் காற்று சிலுசிலுவென்று வந்தது. நான் போய் உட்கார்ந்ததுமே ராமாத்தாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் முதல் மரியாதை. அண்ணாந்து குடித்தேன். தேனாக இறங்கியது.

"தண்ணி அமிர்தமா இருக்கே!" என்றேன்.

ராமாத்தாள் ஒரு முறை புருஷனைப் பார்த்தார். நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினார். அப்புறம் அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். "ஊட்டுக்காரம்மா வர்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"அப்பறம் ஒரு புடி தொவரம்பருப்பு கொண்டாந்து, இந்தக் கெணத்துத் தண்ணீல ஒருக்கா வேகவெச்சுப் பாத்துப்போட்டு, அதுக்கப்பறமா பேச்சை முடிச்சுக்குங்க."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது இந்தப் பக்கத்துச் சாங்கியம் என்று நினைத்தேன். நாம் புது வீட்டில் பால் காய்ச்சுகிற மாதிரி, இவர்கள் பருப்பு வேகவைப்பார்கள் போல. ஒரு பெரிய மனுஷி தன் இடத்தை விற்கும்போது மங்கலமாக ஒன்று சொல்கிறாள் என்று உள்ளுக்குள் நெகிழ்ந்தும் போனேன், மடையன். "அதுக்கென்னம்மா, குடி வரும்போது எல்லாச் சாங்கியமும் குறையில்லாமச் செஞ்சிருவோம்" என்றேன்.

ராமாத்தாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க, உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று இரவே கோமதிக்கு நாலு பக்கம் எழுதினேன். சுவர், ஓடு, கொல்லை, பஸ், மில்லுக்கு எவ்வளவு தூரம், எல்லாம் எழுதினேன். பருப்பை எழுதவில்லை. அவள் பதிலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்: அங்கே தண்ணீர் எப்படி? நான் திருப்பி எழுதினேன்: அமிர்தம், நானே செம்பில் வாங்கிக் குடித்தேன். அந்தக் கடிதம் கிடைத்த வாரத்தில் அவள் கைக்குழந்தையோடு போய், ஆற்றங்கரை வீட்டைக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தை மாதம் குடிபுகுந்தோம். பால் நன்றாகத்தான் பொங்கியது. மில் ஆபீசிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டி, கிணற்றுத் தண்ணீரை அண்டாவில் நிரப்பி, சமையல்காரர் சாம்பாருக்குப் பருப்பைப் போட்டார். ஒரு மணி நேரம் கொதித்தது. இரண்டு மணி நேரம் கொதித்தது. பருப்பு பருப்பாகவே கிடந்தது. அவர் முதலில் விறகைத் திட்டினார், பிறகு மளிகைக் கடைக்காரரைத் திட்டினார், கடைசியில் என்னையே ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். இலை போட்டாயிற்று. ஆபீஸ் சூப்பரிண்டெண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அந்த நேரம் பார்த்து ராமாத்தாள் தட்டில் பழமும் பூவுமாக வந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அட ஏனுங்க, அன்னைக்கே சொன்னனுங்களே, வேகவெச்சுப் பாருங்கன்னு! உப்புத் தண்ணீல பருப்பு வேகுமுங்களா?" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தன் வீட்டுக்குப் போய், குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர் இரண்டு குடத்தையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். புதுப் பருப்பு அரை மணியில் குழைந்தது. விருந்து நடந்தது.

கோமதி எல்லாரையும் வழியனுப்பினாள். பிறகு, இடுப்பில் குழந்தையோடு என் எதிரே வந்து நின்றாள்.

"உங்ககிட்ட முன்னமே சொன்னாகளா?"

"சொன்னாங்க. நான் சாங்கியம்னு நெனச்சேன்."

"குடிச்சுப் பாத்தேன்னு எழுதினியளே?"

"அவங்க குடுத்தது சிறுவாணித் தண்ணி. விருந்தாளிக்குன்னு எடுத்து வச்சிருந்தது. எனக்குத் தெரியல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. "என் வீட்டை வித்தாச்சு" என்று மட்டும் சொன்னாள். குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மூன்று வார்த்தையை எட்டு வருஷமாகச் சுமக்கிறேன்.

இனி, கார்டு போட்டவர்களுக்குப் பதில். சிறுவாணித் தண்ணீர் முனிசிபல் எல்லையோடு நின்றுவிடும். எல்லையில் கடைசிக் குழாய் இருக்கிறது. அங்கிருந்து சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டி, தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஏறி மிதித்தால் பாதி ரோட்டுக்குப் போய்விடும். உடம்பு சரியில்லாத அன்று வண்டிக்காரரிடம் குடக்கணக்கில் வாங்கலாம். சித்திரையில் அவர் வைத்ததுதான் விலை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, ஆகவே சோப்பு இரட்டிப்பு. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான். இதெல்லாம் ஒருவாறு பழகிவிடும். கோமதிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. ஆற்றில் முங்கி எழுந்த முடி. உப்புத் தண்ணீரில் அது சிக்குப் பிடித்துக் கொத்துக் கொத்தாக வந்தபோது, ஒருநாள் அவளே கத்தரிக்கோலை எடுத்துத் தோளோடு வெட்டிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் நன்மையில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சம்பளம் சொன்ன தேதியில் கைக்கு வருகிறது. மூத்தவன் ஒழுங்காகப் படிக்கிறான். இந்த ஊரில் எட்டு வருஷத்தில் ஒருவர் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. கோமதிக்கு டைபாயிடு வந்து கிடந்த முப்பது நாளும், எங்கள் நல்ல தண்ணீரை ராமாத்தாள்தான் தன் வண்டியில் சேர்த்துக் கொண்டுவந்தார். காசு கொடுக்கப் போனபோது, "அதெல்லாம் பேசாதீங்க, அம்மணி எந்திரிச்சு நடக்கட்டும்" என்று கையை மடக்கிவிட்டார். அந்த முப்பது நாளில்தான் கோமதிக்கு இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டது. என்னிடம் 'என்ன செய்யுதிய' என்பாள். வேலிக்கு அந்தப்பக்கம் திரும்பி 'வாரேனுங்க' என்பாள். ஊருக்குப் போனால் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அந்த ஆற்றங்கரைத் தெருப் பக்கமே போகாமல் திரும்பிவிட்டாள். "அங்க போய் யாரு வீட்டுக் கதவைத் தட்ட?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் மனையைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. கும்பகோணத்துப் பக்கமாம், காவேரிக்கரை. பையன் மில்லில் புதிதாகச் சேர்ந்தவன், டேப் பிடித்து அளந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் வெயிலில் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. கோமதி இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நல்ல தண்ணீர்தான். வந்தவர்களுக்கு வேறு எதைக் கொடுப்பது?

பையன் அண்ணாந்து குடித்துவிட்டு, "ஆகா, என்ன ருசி சார் உங்க தண்ணி!" என்றான். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோமதி உள்ளே போய், ஒரு பிடி துவரம் பருப்போடு வந்தாள்.

"இதை இந்தக் கெணத்துத் தண்ணீல வேகவெச்சுப் பாத்துப்போட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

பையன் சிரித்தான். மரியாதையாக, நெகிழ்ச்சியாக, அச்சு அசலாக நான் சிரித்த சிரிப்பு. "அதுக்கென்னங்க, கிரகப்பிரவேசத்தன்னிக்கு எல்லாம் ஜோரா செஞ்சுடலாம்" என்று கையை நீட்டினான்.

கோமதி அவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் தலைப்பை இழுத்து, பருப்பைக் கொட்டி, இறுக்கி முடிந்தாள்.

"உன் கையில தாரேன் அம்மணி. எங்க அடுப்பு எரியுது, இப்பவே வா. வீட்டுக்காரருகிட்ட மட்டும் குடுத்துராத."