நீலத்துக்குக் கீழே

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் படம் அச்சிடும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. இந்த நாட்டில் இயந்திரங்களுக்கும் அபிப்பிராயம் உண்டு. என் போனில் இருந்த படத்தைக் கொடுத்தேன். படம் சரியாக விழவில்லை போலிருக்கிறது, வேறு தெரிவுசெய்கிறீர்களா என்று திரையில் கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது. கடைசியில் கடைப்பெண் எழுந்து வந்தாள். "இதில் ஒன்றுமே இல்லையே, வெறும் நீலம்தானே. தவறி எடுபட்டிருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இதுதான் வேண்டும், பெரிதாக வேண்டும், பிரேம் போடப் போகிறேன் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். நல்ல பிள்ளை. அவளுக்கு எங்கே தொடங்கி எதைச் சொல்வது?

அந்த நீலத்துக்காக நான் அமெரிக்கா வரை போய்வந்தேன். கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு மனிதர் தனியாளாக மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, ஊரார் கழித்துவிட்ட பெயின்டைப் பூசி, ஒரு குன்றையே கட்டி வைத்துவிட்டுச் செத்துப்போனார். பூக்கள், மரங்கள், அருவி, கடவுள் அன்பானவர் என்று ஆளுயர எழுத்துகள். எங்கள் மகன் கவின் சிநேகிதர்களோடு அங்கே போனான். அன்று பின்னேரம் தாய்க்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது: அம்மா, இந்த மலையில் தமிழில் ஒன்று எழுதியிருக்கிறேன், வந்து படம் காட்டுகிறேன். அவன் வரவில்லை. திரும்பும் வழியில் கார் புரண்டது. அவனோடு அவன் போனும் நொறுங்கிப்போயிற்று.

லண்டனில் பிறந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போவதற்கு அவன் போட்ட சண்டைகள் கொஞ்சமில்லை. தாய்க்குத் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை. முதலும் கடைசியுமாக எழுதியது அந்த மலையில். என்ன எழுதினான் என்று ஒருவருக்கும் தெரியாது. கூடப்போன சிநேகிதனிடம் ஒரேயொரு படம் இருக்கிறது. பெரிய சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் கவின் குந்தியிருந்து பிரஷ் பிடிக்கிறான். அவன் முதுகு எழுத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. என் மனைவி சாந்தி அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே நாளைக் கழித்தாள்.

"இஞ்சருங்கோ, ஆட்டத்திவசத்துக்கு முன்னம், வருசம் முடியமுதல் ஒருக்காப் போய் அதைப் படமெடுத்துக்கொண்டு வாங்கோ. எனக்கு அந்த ரோட்டாலை போக ஏலாது. பிள்ளை என்ன எழுதினவன் எண்டு பாத்தாப் போதும்" என்றாள்.

போனேன். கடவுள் பெயர் எழுதிய மலையைக் கண்டதும் கை தானாகச் சப்பாத்தைக் கழற்றியது. ஆர்ச்வே முருகன் கோவிலில் வைப்பதுபோல் சோடியாக ஓரத்தில் வைத்தேன். மலையைப் பராமரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண், "சப்பாத்து! சப்பாத்து!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வைக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டேனாக்கும் என்று அவற்றை இன்னும் தள்ளி வைத்துவிட்டு ஏறினேன். கால் சுட்டபிறகுதான் அவள் ஏன் கத்தினாள் என்று விளங்கியது. திரும்பி இறங்க மனம் வரவில்லை.

சிவப்புப் பூ இருந்தது. பக்கத்தில் எழுத்து இல்லை. பளபளவென்று நீலம்.

அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலோடு வந்து சேர்ந்தாள். கவினின் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்தது. "இங்கே பூசிக்கொண்டே இருப்போம். பூசாவிட்டால் மழை மண்ணைக் கரைத்துவிடும். வருகிற எல்லோரும் ஒரு பூச்சுப் பூசுவார்கள். நாங்கள் எதையும் சுரண்டுவதில்லை. உங்கள் பையன் எழுதியது உள்ளேதான் இருக்கும். அடுத்தமுறை வந்து திரும்ப எழுதச் சொல்லுங்கள்" என்றாள். பிறகு, நீங்களும் எழுதுங்கள் என்று நீலத்தில் தோய்த்த பிரஷைக் கையில் தந்தாள்.

இப்படி நான் நிற்பது முதல் தடவை இல்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில், எங்கள் ஊர் மயிலிட்டியில் ராணுவம் பிடித்துவைத்திருந்த எங்கள் காணியை விட்டபோதும் கமராவோடு போனேன். வீடும் இல்லை, கிணறும் இல்லை. சாந்தி சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, "இதுதான் குசினி, இதிலைதான் அடுப்பு" என்று ஓரிடத்தைக் காட்டினாள். அந்த வெறும் மண்ணைப் படமெடுத்தேன். அது இப்போது பிளேஸ்டோ வீட்டு ஹோலில் தொங்குகிறது. கடவுளே, ஒரு மனிதனை எத்தனை தரம் இப்படி நிறுத்துவாய்?

ஒரு யோசனை வந்தது. 'அம்மா' என்று கோணல்மாணலாக எழுதிப் படமெடுத்தால் என்ன? அவன் தமிழ்க் கையெழுத்து எப்படியிருக்கும் என்று சாந்திக்கே தெரியாது. பிரஷைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒரு கோடும் இழுக்காமல் திரும்ப எடுத்தேன். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"எழுத்து இல்லை, சாந்தி. மேலாலை பூசிப்போட்டினம். உள்ளுக்கை இருக்காம். என்னையும் ஏதாவது எழுதட்டாம்."

 சாந்தி சொன்னாள்: "நீங்கள் ஒண்டும் பூசாதேங்கோ. பிள்ளைக்கு மேல ஏற்கனவே எவ்வளவு கிடக்குது."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிரஷ் கையில், கால்கள் கொப்பளித்தபடி. அந்தப் பெண் என் காலைப் பார்த்துத் துடித்துப்போனாள். "ஐயோ, இந்தக் காலோடா நிற்கிறீர்கள்! விடுங்கள், உங்களுக்காக நான் பூசுகிறேன்" என்று பிரஷை வாங்கி, சிவப்புப் பூவின் பக்கத்தில் மேலும் கீழுமாக இழுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல இரண்டு மொழி தெரிந்தும் எனக்கு ஒன்றிலும் வாய் வரவில்லை. அவளை நோகவும் முடியவில்லை. பெயின்ட் காயுமுன்பே படமெடுத்தேன்.

சாந்தி அதை மயிலிட்டி மண் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஆட்டத்திவசத்துக்கு, ஊரில் எங்கள் பக்கத்துக் காணிக்காரரான தேவண்ணை சவுத்தாலிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் இரண்டு படங்களுக்கும் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, இது எங்கட காணி. மற்றது எங்கட கடல்தானே?"

"இல்லை அண்ணை. அது கவின் எழுதினது."

தேவண்ணை பொக்கற்றுக்குள் தேடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். சாந்தியும் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள், வாசித்துச் சொல்லுவார் என்று.